பெரியப்பாவின் மூன்று லட்ச ரூபாய் பாலிசியும் கேஸ் ஷீட்டில் ஒரு வரியும்

சேரன்மகாதேவியில் மளிகைக்கடை வைத்திருந்து ஓய்ந்த பெரியப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு பக்கமும் குடலிறக்கம். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது, பில் 1,80,000 ரூபாய். மூன்று லட்சத்துக்கு மெடிக்கல் பாலிசி இருந்தது, பிரீமியம் ஒரு வருடம்கூடத் தவறவில்லை. அப்படியிருந்தும் முதலில் "கேஷ்லெஸ் கிடையாது", அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டாது என்று வந்தது. பெரியம்மையின் வளையலும் செயினும் அடகுக்குப் போயின. மாதங்கள் கழித்துப் பணம் வந்தபோது அதில் 77,600 ரூபாய் குறைந்திருந்தது. நகைக்கடன் வட்டி தனி. ஒரு பிள்ளை ஷார்ஜாவில், இன்னொருவர் ஓசூரில். இங்கே காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைய ஆள் இல்லாததால் அது என் சோலி ஆயிற்று. கோபமும் அவமானமுமாகத்தான் அந்த மாதங்கள் போயின. நம் ஊரில் இதே நிலையில் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் இங்கே, பாலிசி பீரோவுக்குள். அதனால் நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

சிக்கல் ஆரம்பித்தது அட்மிஷன் அன்று. டூட்டி டாக்டர், சின்னப் பையன், கேஸ் ஷீட்டை எழுதிக்கொண்டே பெரியம்மையிடம் கேட்டிருக்கிறார், "சுகர் இருக்கா பாட்டி, எத்தனை வருசமா?" பெரியம்மை சொன்ன பதில்: "அது கெடக்கு பத்து வருசமா. அவிய காப்பிக்குச் சீனியே போட விடமாட்டாவ." உண்மை என்னவென்றால், பெரியப்பாவின் அப்பாவுக்குச் சர்க்கரை முற்றிக் காலை எடுத்தார்கள். அந்தப் பயத்தில் இவர் பல வருடமாகவே சீனியை ஒதுக்கிவிட்டார். இவருக்கே சர்க்கரை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது பாலிசி எடுத்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான். ஆனால் கேஸ் ஷீட்டில் விழுந்தது 'சர்க்கரை நோய், 10 ஆண்டுகள்'. அதுவே கேஷ்லெஸ் கேட்டுக் கம்பெனிக்கு அனுப்பும் முன் அனுமதிப் படிவத்துக்குப் போனது. பாலிசியோ மூன்றாவது வருடத்தில் நடக்கிறது. பத்து வருட வியாதியை மறைத்துப் பாலிசி எடுத்திருக்கிறார் என்று கம்பெனி முடிவு கட்டிவிட்டது.

அட்மிஷன் நேரத்தில் டாக்டர் கேட்பதும் நாம் சொல்வதும் பேச்சோடு போவதில்லை, அப்படியே சாட்சியாக நிற்கும். நம் பக்கத்துப் பெரியவர்கள் "ரொம்ப நாளா", "அப்பம் புடிச்சே", "ஒரு பத்து வருசம் இருக்கும்" என்றுதான் பேசுவார்கள். அதை எழுதுகிறவர் எண்ணாக்கிவிடுவார். ஆகவே ஒரு முழுத்தாளில் முன்கூட்டியே எழுதி ஆதார் நகலோடு பின் அடித்து வையுங்கள். எந்த வியாதி எந்த மாதம் எந்த வருடம் கண்டுபிடிக்கப்பட்டது, எந்த டாக்டர், இப்போது என்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம், முன்பு நடந்த ஆபரேஷன்கள், ஒவ்வாத மருந்து. கேட்டால் அந்தத் தாளைக் கொடுக்க வேண்டும், வாயால் சொல்ல வேண்டாம். பொய் எழுதச் சொல்லவில்லை. பதினைந்து வருடச் சர்க்கரை என்றால் பதினைந்து என்றே எழுதுங்கள். இல்லாத பத்து வருடத்தைச் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். முதல்முதலாகச் சர்க்கரை தெரிந்த லேப் ரிப்போர்ட்டையும் முதல் மருந்துச் சீட்டையும் தூரப் போடாதீர்கள். தெர்மல் தாளில் அடித்த ரிப்போர்ட் இரண்டு வருடத்தில் வெளுத்துவிடும், உடனே நகல் எடுத்துவிடுங்கள்.

எங்களைக் காப்பாற்றியதும் அந்த ரிப்போர்ட்தான். பெரியப்பா கடைக்காரர், சீட்டு எதையும் கிழிக்க மாட்டார். அந்த முதல் ரிப்போர்ட், அதற்குப் பிறகு எழுதிய மருந்துச் சீட்டு, இரண்டையும் காட்டிச் சிகிச்சை செய்த சர்ஜனிடம் அவருடைய லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கினோம். 'சேர்க்கையின்போது உறவினர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து 10 ஆண்டுகள் என்று பதிவாகியுள்ளது, ஆவணங்களின்படி சர்க்கரை நோய் கண்டறியப்பட்டது இந்தத் தேதியில்' என்று தேதி, முத்திரை, டாக்டரின் பதிவு எண்ணோடு. டூட்டி டாக்டர் தருகிற கடிதத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை, யார் பெயரில் அட்மிஷனோ அவர் தர வேண்டும். கேஸ் ஷீட்டிலேயே அடித்துத் திருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடித்தல் திருத்தல் இருக்கிற கேஸ் ஷீட்டைப் பார்த்தால் கம்பெனிக்குச் சந்தேகம் இன்னும் கூடும். தனிக் கடிதம்தான் சரி.

கேஷ்லெஸ் மறுத்துவிட்டால் க்ளெய்மே போயிற்று என்று நினைத்துப் பல வீடுகளில் அதோடு விட்டுவிடுகிறார்கள். அப்படியில்லை. கேஷ்லெஸ் மறுப்பு என்பது 'இப்போதைக்கு ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்ட மாட்டோம்' என்பதுதான். பணத்தைக் கட்டிவிட்டு, அசல் பில்கள், ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா ரிப்போர்ட்டும், மருந்துச் சீட்டோடு மருந்து பில், ரத்து செய்த காசோலை, அடையாள அட்டை, க்ளெய்ம் படிவம் இவற்றோடு திரும்பக் கேட்கலாம். குடலிறக்கத்துக்கு உள்ளே வலை (மெஷ்) வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கரும் அதற்கான தனி இன்வாய்ஸும் வேண்டும், லென்ஸுக்கும் ஸ்டென்ட்டுக்கும் இதே கதைதான். டிஸ்சார்ஜ் ஆகும்போதே வாங்கிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போய் நின்றால் 'ஸ்டோர்ல கேளுங்க', 'அக்கவுண்ட்ஸ்ல கேளுங்க' என்று மாடிக்கும் கீழுக்குமாக ஓட விடுவார்கள். அசலைக் கொடுக்கும் முன் முழுக் கட்டையும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள், கூரியர் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

விதிகள் நமக்கு ஓரளவு சாதகமாகவே இருக்கின்றன, தெரிந்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் போட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு மேல் இழுத்து, அதனால் ஆஸ்பத்திரி கூடுதலாக வாடகை போட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். மறுத்தால் பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறோம் என்று எழுத்தில் தர வேண்டும். இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருக்கும் பிள்ளை "ரிஜெக்ட் ஆயிட்டு சார்" என்று வாயால் சொன்னால் போதாது. மறுப்புக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், பின்னால் எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

சரி, க்ளெய்மை ஒத்துக்கொண்ட பிறகும் 77,600 எப்படிப் போயிற்று? பெரியப்பாவின் பாலிசியில் அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் வரைதான். மூன்று லட்சத்துக்கு 3,000 ரூபாய். படுத்திருந்தது நாளுக்கு 5,000 ரூபாய் அறையில், நான்கு நாள். எல்லோரும் போடுகிற கணக்கு, நாளுக்கு 2,000 வீதம் 8,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும், போகட்டும் என்பது. அப்படி இல்லை. தகுதி 3,000, எடுத்தது 5,000, ஆக அறுபது சதவீதம். அறை வாடகையோடு ஒட்டிய சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றுக்கும் அந்த அறுபது சதவீதம்தான் தருவார்கள். ஏனென்றால் பெரிய அறைக்குப் போனால் ஆஸ்பத்திரிகள் மற்றக் கட்டணங்களையும் ஏற்றிப் போடுகின்றன என்பது கம்பெனியின் வாதம். எங்கள் பில்லில் அறை 20,000, அதற்கு 12,000 கிடைத்தது. ஒட்டிய கட்டணங்கள் 1,10,000, அதற்கு 66,000. மருந்து, வலை, பரிசோதனைகள் 50,000, அது முழுசாகக் கிடைத்தது. மருந்துக்கும் உடலுக்குள் வைக்கும் கருவிகளுக்கும் பரிசோதனைகளுக்கும் இந்த விகிதக் கழிவு போடக் கூடாது என்பது விதி, போட்டிருந்தால் சண்டை போடலாம். ஆக மொத்தம் 1,28,000. அதில் 20 சதவீதம் கோ-பே, அதாவது 25,600 நம் பங்கு. வந்தது 1,02,400.

3,000 ரூபாய் அறையிலேயே படுத்திருந்தால், மற்றக் கட்டணங்கள் அப்படியே இருந்திருந்தால்கூட, பில் 1,72,000, கோ-பே 34,400, அவ்வளவோடு முடிந்திருக்கும். ஏசி அறைக்காக நாளுக்கு 2,000 கூடக் கொடுத்தது 43,200 ரூபாயில் போய் நின்றது. அட்மிஷன் கவுண்டரில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். "ஷேரிங் ரூம் காலி இல்ல, சிங்கிள்தான் இருக்கு" என்பார்கள். அப்போது 'தகுதியுள்ள அறை காலி இல்லை' என்று ஆஸ்பத்திரியிடம் எழுதி வாங்குங்கள், காலியானதும் மாற்றச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தைக் கம்பெனி ஏற்றாக வேண்டும் என்றில்லை, ஆனால் முறையீட்டுக்குக் கையில் ஒன்று இருக்கும். கையுறை, முகமூடி, அட்மிஷன் கிட் மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கும் பல பாலிசிகள் தருவதில்லை. தொகை சின்னதுதான், அதற்காக மண்டையை உடைக்க வேண்டாம்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு சொந்தத்தில் இருக்கும் பெரியவர்களின் பாலிசிகளை எல்லாம் எடுத்துப் பார்க்கிற வேலை வந்து சேர்ந்தது. மொத்தமாக நாற்பது பக்கம் இருக்கும், அதைப் படிக்க யாராலும் ஆகாது. தொடக்கத்தில் இருக்கும் வாடிக்கையாளர் தகவல் தாளைப் பாருங்கள். காத்திருப்புக் காலம், கழிவு, உச்சவரம்பு எல்லாம் சுருக்கமாக அதில் இருக்கும். கேட்டால் தமிழிலும் தர வேண்டும். பெரியவர்கள் கேட்பதெல்லாம் "எவ்வளவுக்குப் போட்டிருக்கு, எவ்வளவு கட்டணும்" என்ற இரண்டு கேள்விதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அறை வாடகைக்கு வரம்பு உண்டா, ரூபாயிலா சதவீதத்திலா, அல்லது 'தனி அறை' என்று வகையாகவா. வகையாக இருந்தால் நல்லது, வாடகை ஏற ஏற அதுவும் ஏறும். கோ-பே எத்தனை சதவீதம், எந்த வயதிலிருந்து. சில பாலிசிகளில் அறுபது வயதுக்கு மேல் சேர்ந்தால் மட்டும் கோ-பே, சிலவற்றில் வெளி ஆஸ்பத்திரிக்குப் போனால் மட்டும். கண்புரை, மூட்டு மாற்று, குடலிறக்கம், புராஸ்டேட் இவற்றுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா. பெரியவர்களுக்கு வரப்போவது இவைதான். ஐந்து லட்சம் பாலிசியாக இருந்தாலும் கண்புரைக்கு இவ்வளவுதான் என்று போட்டிருந்தால் அந்தச் சிகிச்சைக்கு அதுதான் உங்கள் பாலிசி. எடுத்துக்காட்டாக, எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி விற்கிற ஆரோக்ய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசி 2020 ஏப்ரலில் வந்தது. அதில் கண்புரைக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அது. அறைக்கு இரண்டு சதவீதம், அதிகபட்சம் 5,000. கோ-பே ஐந்து சதவீதம்தான். பெரியப்பா பாலிசியின் இருபதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காத்திருப்புக் காலம் மூன்று வகை. முதல் முப்பது நாள் விபத்தைத் தவிர எதற்கும் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், மூலம், கல், மூட்டு மாற்று போன்ற பட்டியலுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடம். ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கு அதிகபட்சம் மூன்று வருடம். முன்பு நான்கு வருடமாக இருந்தது, 2024 ஏப்ரலிலிருந்து குறைந்தது. ஐந்து வருடம் தொடர்ந்து நடந்த பாலிசியில், மோசடி நிரூபணமானால் தவிர, 'நீ அன்றைக்கு மறைத்தாய்' என்று சொல்லி மறுக்க முடியாது, இந்த ஐந்தும் முன்பு எட்டு வருடமாக இருந்தது. அதனால் பழைய பாலிசியை "இது சவம், ஒண்ணுக்கும் ஒதவல" என்று கோபத்தில் விட்டுவிட்டுப் புதிதாகப் போடுவது பெரிய நஷ்டம். ஓடிய வருடங்கள் எல்லாம் பூஜ்யமாகிவிடும். மாற வேண்டும் என்றால் போர்ட்டபிலிட்டி, அதாவது பாலிசியை அப்படியே வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி, அதன் வழியாக மாறுங்கள், ஓடிய காலம் பழைய தொகை வரைக்கும் கூடவே வரும். கூட்டிய தொகைக்கு மட்டும் காத்திருப்பு புதிதாக ஆரம்பிக்கும். புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். புதிய கம்பெனி கையில் பாலிசி தரும்வரை பழையதை விட்டுவிடக் கூடாது. எழுபது வயதுக்கு மேல் சர்க்கரையும் ஸ்டென்ட்டும் இருப்பவரைப் புதிய கம்பெனி மறுக்கலாம், அப்படி மறுக்க அதற்கு உரிமை உண்டு. புதுப் பாலிசி விஷயத்தில் இருந்த 65 வயது என்கிற வரம்பை ஆணையம் 2024இல் நீக்கியது உண்மை, ஆனால் அதற்கு ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஏற்றே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை.

படிவம் நிரப்புவதுதான் பலவீனமான இடம். பேங்க்கில் வைப்புநிதி புதுப்பிக்கப் போனவரிடம் "அண்ணாச்சி, இதுல ஒரு கையெழுத்து, போன்ல ஒரு ஓடிபி வரும் சொல்லுங்க" என்று முடித்துவிடுகிறார்கள். வியாதிக் கேள்வி எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் விழுந்துவிடும். பிரஷர் மாத்திரை ஒன்று சாப்பிட்டாலும் எழுத வேண்டும், தைராய்டு மாத்திரையையும்தான். எழுதினால் பிரீமியம் கொஞ்சம் ஏறும், காத்திருப்புக் காலம் வரும், அவ்வளவுதான். எழுதாவிட்டால் க்ளெய்ம் நேரத்தில் பாலிசியே ரத்தாகலாம். புதுப் பாலிசி கைக்கு வந்ததும் அதோடு இருக்கும் விண்ணப்ப நகலைப் பெரியவரின் மருந்து டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள். முப்பது நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம், திருத்தவும் அதுதான் நேரம். பேங்க் வழியாக வருவது பல நேரம் குழுப் பாலிசி, பிரீமியம் மலிவாக இருக்கும். பேங்க்குக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் முடிந்தால் என்ன ஆகும், தனிப் பாலிசியாக மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பிள்ளையின் ஐடி கம்பெனி தரும் காப்பீட்டில் அப்பா அம்மா இருப்பதும் இப்படித்தான். பிள்ளை வேலையை விட்ட அன்று அது போய்விடும். அதை மட்டும் நம்பி எழுபது வயதுவரை சும்மா இருந்துவிட்டால் அப்புறம் கதவு பாதிதான் திறக்கும்.

பெயர், வயது விஷயத்தையும் விடாதீர்கள். நம் பெரியவர்களுக்கு ஆதாரில் ஒரு பிறந்த தேதி, ரேஷன் கார்டில் ஒரு வயது, பேங்க்கில் ஒரு ஸ்பெல்லிங். இசக்கியம்மாள் ஓரிடத்தில் எசக்கியம்மாள், இன்னோரிடத்தில் முதலெழுத்து இல்லாமல் இருப்பார். ஆஸ்பத்திரி ஆதாரைப் பார்த்துப் பதியும், பாலிசியில் வேறு இருந்தால் கேள்வி வரும். அவசரம் வரும் முன் பாலிசியை ஆதாரோடு ஒப்பிட்டுத் திருத்த மனு கொடுத்துவிடுங்கள், காசு செலவில்லை.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன், வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். பாதி வீடுகளில் அவர்களுக்கே தெரியாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்து கொடுப்பார்கள். தென்காசிக்காரர்கள் 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு அவர்கள் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் யாரோடு இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். பழைய கார்டு இருந்தால் அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாச் சிகிச்சைக்கும் கிடையாது, பட்டியலில் உள்ளவற்றுக்கு, சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் மட்டும். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்தத் திட்டத்தில் சிகிச்சை உண்டு. திட்டத்தில் சேர்த்துவிட்டு மேற்கொண்டு பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். எழுபது வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு பாராமல் ஐந்து லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் திட்டத்தை விரித்தது. தனியார் பாலிசி இருப்பவரும் அதில் சேரலாம். அதையும் அதே மையத்தில் விசாரித்து, நீங்கள் போகிற ஆஸ்பத்திரி அந்த அட்டையை எடுக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் அத்தை ஓய்வுபெற்ற டீச்சர். மாதாமாதம் பென்ஷனில் காப்பீட்டுக்குப் பிடித்தம் போகிறது. அது தெரியாமல் ஒரு ஏஜெண்டிடம் தனிப் பாலிசியும் எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டையும் விட வேண்டாம், ஆனால் தனிப் பாலிசியைப் பெரிய தொகைக்குச் சூப்பர் டாப்-அப்பாக (ஒரு தொகைக்கு மேல் போகும் செலவை மட்டும் ஏற்கும் பாலிசி) மாற்றினால் காசு மிச்சம் என்று சொன்னதற்கு "அதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராதுப்பா, இருக்கது இருக்கட்டும்" என்றுவிட்டார்கள். பெரியவர்களிடம் அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு மனசு வரவில்லை. பட்டாளத்தில் இருந்தவர் என்றால் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ் இருக்கும். பீடி சுற்றும் ஆச்சிமார், பாஸ் புத்தகம் இருந்தால், முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு ஆஸ்பத்திரி இருப்பதை மறந்துவிடக் கூடாது. அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. மூட்டுவலிக்கு அங்கே படுத்துச் சிகிச்சை எடுக்க விரும்புகிறவர்கள் தங்கள் பாலிசியில் ஆயுஷ் (சித்தா, ஆயுர்வேதம் போன்றவை) சிகிச்சை எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2024 ஏப்ரலுக்குப் பிறகு அதற்கென்று தனியாகக் குறைந்த வரம்பு வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது.

டாப்-அப்புக்கும் சூப்பர் டாப்-அப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்கிவிடுகிறார்கள். மூன்று லட்சம் கழிவு (அந்தத் தொகை வரை நம் பொறுப்பு) வைத்த டாப்-அப் என்றால் ஒரே அட்மிஷனின் பில் மூன்று லட்சத்தைத் தாண்டினால்தான் வேலை செய்யும். இரண்டு லட்சம் வீதம் இரண்டு தடவை படுத்தால் ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் வருடத்தின் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்கும். பெரியவர்கள் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று தடவை படுப்பதுதான் வழக்கம், அதனால் சூப்பர் டாப்-அப்தான் சரி. அதற்கும் தனிக் காத்திருப்புக் காலம் உண்டு. வயதானவர்களைப் பிள்ளைகுட்டியோடு ஒரே ஃப்ளோட்டரில், அதாவது குடும்பத்துக்கே பொதுவாக ஒரு தொகை வைத்த பாலிசியில், சேர்க்காதீர்கள். மூத்தவர் வயதை வைத்து மொத்தப் பிரீமியமும் ஏறும், ஒருவர் தொகையைத் தின்றுவிட்டால் மற்றவருக்கு இல்லை.

மறுப்பு வந்து, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதியும் ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைகேட்பு அதிகாரியான ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில். 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறு வரை பார்ப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் பதிந்தால் கம்பெனி கொஞ்சம் வேகமாக அசையும், எங்களுக்கு அசைந்தது. நுகர்வோர் ஆணையம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது, ஆனால் ஆம்புட்ஸ்மனிடம் ஒரு விஷயத்தைக் கொடுத்துவிட்டு அதே நேரத்தில் அங்கேயும் போக முடியாது. எது முதலில் என்று யோசித்து முடிவு செய்யுங்கள். ஆவணம் தெளிவாக இருந்தால் ஆம்புட்ஸ்மனே போதும்.

புதுப்பிப்பு வந்தபோது பெரியப்பாவின் பாலிசியை விடவில்லை. மூன்றாவது வருடம் முடிகிற நேரம், விட்டால் முட்டாள்தனம். அறை வரம்பைத் தூக்கும் வசதி அதே கம்பெனியில் கூடுதல் பிரீமியத்துக்கு இருந்தது, அதைச் சேர்த்தோம். கோ-பேயைக் குறைக்கக் கேட்டதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று லட்சம் கழிவோடு ஒரு சூப்பர் டாப்-அப்புக்கு விண்ணப்பித்ததில், சர்க்கரையை எழுதிய படிவத்தோடு பரிசோதனைக்கு அழைத்து, பிறகு ஏற்றுக்கொண்டார்கள். பிரீமியத்தைப் பிள்ளைகள் தங்கள் கணக்கிலிருந்து கட்டுகிறார்கள். அறுபது தாண்டிய பெற்றோருக்கு ரொக்கமில்லாமல் கட்டும் பிரீமியத்துக்குப் பழைய வரிமுறையில் 50,000 வரை கழிவு உண்டு, ஷார்ஜாக்காரருக்குத் தேவைப்படவில்லை, ஓசூர்க்காரருக்கு உதவும். தனிநபர் மெடிக்கல் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22இலிருந்து ஜிஎஸ்டி இல்லை, புதுப்பிப்பு நோட்டீஸில் போட்டிருந்தால் கேளுங்கள். மூத்தவர்களுக்குக் காப்பீட்டு ஆணையத்தைக் கேட்காமல் வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது, அதையும் போன வருட ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசித் தேதிக்குப் பிறகு முப்பது நாள் சலுகை உண்டு என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார். சலுகை, பாலிசி அறுந்துபோகாமல் இருக்கத்தான். கட்டாமல் விட்ட அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் படுத்தால் கிடைக்காது. அதனால் தேதிக்குப் பத்து நாள் முன்பே பிள்ளைகள் இருவருடைய போனிலும் நினைவூட்டல் வைத்தாயிற்று.